பறித்த பெயரைத் திருப்பித் தாருங்கள்: எங்கள் பங்குத்தந்தைக்கும் பங்குப்பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு. காலைப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்து முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பேரவைச் செயலர் வாசக மேடைக்கு வந்தார், ஒரு தாளை விரித்தார், பதினொரு குடும்பங்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார். ஏழு குடும்பங்கள் கோயில் வரி பாக்கி. நான்கு குடும்பங்கள் ‘பொதுப்பாவத்தில் இருப்பவை’, அதாவது பிள்ளைகள் கோயிலுக்கு வெளியே கல்யாணம் முடித்த வீடுகள். இவர்கள் ‘சரிசெய்யும்வரை’ அந்த வீடுகளில் சாவு விழுந்தால் துக்கமணி கிடையாது, உடல் கோயிலுக்குள் வராது, கல்லறைத் தோட்டத்தில் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டிருப்பதாகச் சொன்னார். அவர் இறங்கியதும் சாமி, நீங்கள் எழுந்து இறுதி ஆசீர் கொடுத்தீர்கள்.

எனக்கு முன்வரிசையில் மீன் விற்கும் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக வாசித்தது அவர் பெயரை. மடியில் இருந்த பேத்திக்கு நாலு வயது இருக்கும். பாட்டியின் பெயர் மைக்கில் வந்ததும் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். “பாட்டி, உங்க பேரச் சொல்றாங்க” என்று கோயிலுக்கே கேட்கும்படி சொன்னது. பாட்டி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, பிள்ளையின் வாயைப் பொத்தினார். ஆசீரின்போது சிலுவை போடுவதற்குக்கூட அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள், பட்டியலில் இருந்த ஒருவர் இறந்துபோனார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு வருஷ வரி பாக்கி, 4,800 ரூபாய். மணி அடிக்கவில்லை. நம் ஊரில் துக்கமணி கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு யார் என்று கேட்க வாசலுக்கு வருவோம். அன்றைக்கு அவருடைய மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தன் அப்பா செத்துப்போனதைத் தானே சொல்லவேண்டியிருந்தது. சாயங்காலம் உடல் கோயிலைத் தாண்டிப் போனது. தூக்கியவர்கள் பழக்க தோஷத்தில் கோயில் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார்கள். உள்ளே திரும்பவேண்டிய இடம் அது. ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ “நடங்க” என்றார்கள்.

இந்த மடலில் ஊர்ப் பெயரோ உங்கள் பெயரோ இருக்காது. பெயரைச் சொல்லி ஒருவரை ஊர் முன்னால் நிறுத்துவது தவறு என்றுதான் எழுத வந்திருக்கிறேன். அதே தவறை நானும் செய்யமாட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த பிறகு நாங்கள் ஆறு பேர் உங்களைப் பார்க்க வந்தோம். இரண்டு பதில் கிடைத்தது. இது திருச்சபை மத்திய காலத்திலிருந்து கடைப்பிடித்துவரும் ஒழுங்கு, அந்தக் காலத்தில் இதைவிடக் கடுமையாக இருந்தது என்பது ஒன்று. கடவுளுடைய மாட்சிக்கு இழுக்கு வரும்போது மனிதர்களுடைய மானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது மற்றொன்று. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பங்கில் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வருஷம் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய்ப் பொதுநிலையினருக்கான இறையியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மரபை நீங்கள் சாட்சிக்கு அழைத்ததால், அது என்ன சாட்சி சொல்கிறது என்பதை எழுதவேண்டியது என் கடமையாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்வினாஸிடமிருந்து தொடங்குகிறேன். குருமடத்தில் நீங்கள் படித்தவர்தான். 1271, 72 வாக்கில் பாரிஸில் இருந்தபோது எழுதிய இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், நீதிக்கு எதிரான பாவங்களை வரிசையாக எடுத்துப் பேசுகிறார். கொலை, களவு, கொள்ளை, நீதிமன்றத்தில் நடக்கும் அநியாயம் எல்லாம் முடிந்ததும் நாவினால் செய்யும் பாவங்களுக்கு வருகிறார். அந்த நூலில் அதிகாரங்களுக்குக் கேள்வி என்றுதான் பெயர். எழுபத்திரண்டாம் கேள்வி முழுக்க ஒரே இலத்தீன் சொல்லைப் பற்றியது: கொந்துமேலியா. ஒருவருடைய மரியாதையை அவர் முகத்துக்கு நேரே சொல்லால் குலைப்பது. அடுத்த கேள்வி புறங்கூறல். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கும்போது அவர் சொல்வதைக் கவனியுங்கள். பொருளை இரண்டு விதமாகப் பறிக்கலாம், மறைவில் பறித்தால் களவு, வெளிப்படையாகப் பறித்தால் கொள்ளை. சொல்லிலும் அப்படியே. முதுகுக்குப் பின்னால் பேசிப் பெயரைக் கெடுப்பது களவைப் போன்றது, எதிரே நின்று மானத்தை வாங்குவது கொள்ளையைப் போன்றது.

அவருக்கு மானம் என்பது வெறும் உணர்ச்சி அல்ல, ஒருவருக்குச் சொந்தமான உடைமை. உலகப் பொருள்களிலெல்லாம் நற்பெயர்தான் விலைமதிப்புக் கூடியது, அது போனால் மனிதன் பல நல்ல காரியங்களைச் செய்ய முடியாமல் போகிறான் என்கிறார். அதனால்தான் புறங்கூறலைக் கொலைக்குக் கீழேயும் களவுக்கு மேலேயும் வைக்கிறார். நம் கோயில் உண்டியலை ஒருவன் உடைத்தால் போலீசுக்குப் போவோம். பதினொரு வீட்டுப் பெயரைப் பட்டப்பகலில், பீடத்தின் முன்னால் வைத்து எடுத்தோம். அது அக்வினாஸின் கணக்கில் உண்டியல் உடைப்பைவிடப் பெரிய குற்றம். பலர் கேட்கச் சொன்னால் குற்றம் இன்னும் பெரிது என்றும் எழுதுகிறார்.

“நாங்கள் பொய்யா சொன்னோம்? பாக்கி இருப்பது உண்மைதானே” என்று உங்களில் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு அக்வினாஸ் 750 வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார். பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய அறுபத்திரண்டாம் கேள்வியில் அது இருக்கிறது. ஒருவருடைய பெயரை மூன்று விதமாக எடுக்கலாம் என்கிறார். உண்மையை, சொல்லவேண்டிய முறைப்படி, நியாயமாகச் சொல்லி எடுப்பது ஒன்று. அதில் திருப்பிக் கொடுக்க எதுவுமில்லை. பொய்யைச் சொல்லி எடுப்பது இரண்டாவது. அப்படி எடுத்தவர் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பெயரைத் திருப்பித் தரவேண்டும். மூன்றாவது, உண்மையையே முறைதவறி, அநியாயமாகச் சொல்லி எடுப்பது. நம் ஒலிபெருக்கியில் நடந்தது இந்த மூன்றாவதுதான். இங்கேயும் பறித்தவர் கடன்பட்டவர்தான் என்கிறார் அவர். பொய் சொல்லாமல் எந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமோ அந்த அளவுக்குக் கொடுக்கவேண்டும், ‘நான் தவறாகப் பேசினேன், அநியாயமாக அவர் பெயரைக் கெடுத்தேன்’ என்றாவது சொல்லவேண்டும். அதுவும் இயலாவிட்டால் வேறு வழியில் ஈடு செய்யவேண்டும்.

ஆகவே உண்மையாக இருப்பது மட்டும் போதாது. யாரிடம், எந்த முறையில், எதற்காகச் சொன்னோம் என்பது பதிலில்லாமல் நிற்கிறது.

கண்டிப்பதற்காகக் கடுமையாகப் பேசலாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். சொல்லியிருக்கிறார், மறைக்கமாட்டேன். பவுலடியார் கலாத்தியரை அறிவிலிகளே என்று அழைத்ததைக் காட்டி, திருத்தும் நோக்கத்தோடு கடிந்துபேசுவது பாவமல்ல என்கிறார். உடனே ஒரு வரம்பும் கட்டுகிறார்: அரிதாக, மிகுந்த தேவை இருக்கும்போது, அளவறிந்து. அளவு தப்பினால் நோக்கம் நல்லது என்பது காப்பாற்றாது. விளையாட்டுக்கு அடிக்கிறேன் என்று கவனமில்லாமல் அடித்து ஒருவரைப் படுகாயப்படுத்தியவன் குற்றமற்றவன் ஆகமாட்டானே, அதைப் போல என்கிறார். உங்கள் நோக்கம் திருத்துவதுதான் என்று நான் நம்புகிறேன். பாட்டியின் கைக்கு அது தெரியவில்லை.

திருத்துவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல் என்று மத்தேயு பதினெட்டில் ஆண்டவர் சொன்ன வரிசை. அந்த வரிசை ஏன் என்பதை முப்பத்துமூன்றாம் கேள்வியில் அக்வினாஸ் ஒரு மருத்துவரை வைத்து விளக்குகிறார். நல்ல மருத்துவர் முடிந்தவரை எந்த உறுப்பையும் வெட்டாமல் குணப்படுத்தப் பார்ப்பார். வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரைக் காப்பாற்ற ஓர் உறுப்பை எடுப்பார். பெயரும் ஓர் உறுப்பு. மனசாட்சியைக் காப்பாற்ற வேறு வழியே இல்லையென்றால்தான் அதில் கைவைக்கலாம். மக்கள் பலர் பாவத்திலிருந்து விலகி நிற்பதே பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால்தான், அந்தப் பெயரை நாமே கெடுத்துவிட்டால் பிறகு எதற்கு அஞ்சுவார்கள் என்றும் கேட்கிறார். நம்முடைய பதினொரு வீடுகளில் எந்த வீட்டுக்காவது முதலில் தனியாகப் போனீர்களா? நான் பதினொரு வீட்டிலும் கேட்டுவிட்டேன். ஒரு வீட்டுக்கும் யாரும் போகவில்லை. டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தவர் வீட்டுக்குப் போயிருந்தால், தூண் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த மருந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வரியைப் பற்றிப் பேசாமலே திரும்பியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். நீங்கள் வாசித்தது ஆட்களின் பெயரையா, குடும்பங்களின் பெயரையா? மகள் பதிவுத் திருமணம் செய்தாள், அம்மாவுக்கு மணி இல்லை. மகன் வேறு மதத்துப் பெண்ணைக் கட்டினான், அப்பாவின் உடல் கோயிலுக்குள் வராது. இதற்கு மரபில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆயர் புனித அகுஸ்தீனார் காலத்தில் ஆப்பிரிக்காவில் அவுக்சிலியுஸ் என்றொரு இளம் ஆயர், கிளாசிசியானுஸ் என்பவர் மீதுள்ள கோபத்தில் அவருடைய வீட்டாரையும் சேர்த்துச் சபைநீக்கம் செய்துவிட்டார். அகுஸ்தீனார் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நான் கிழவன், பல வருஷம் ஆயராக இருப்பவன். நீங்கள் இளைஞர், ஆயராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் உங்களிடம் கற்றுக்கொள்ளத் தயார், தகப்பன் செய்த பாவத்துக்கு மகனையும், கணவன் செய்ததற்கு மனைவியையும் ஆன்மாவில் தண்டிப்பது எந்த நீதி என்று எனக்குச் சொல்லுங்கள் என்ற பொருளில் எழுதுகிறார். 1140 வாக்கில் கிராசியான் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்தக் கடிதத்தை எடுத்துச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அதன் பிறகு மத்திய காலம் முழுக்க, இத்தாலியின் பொலோஞ்ஞாவில் திருச்சபைச் சட்டம் படித்தவர்கள் படித்த தொகுப்பு இது.

மணி மறுப்பதும் அடக்கத்தை மறுப்பதும் மத்திய காலத்தில் இருந்தது என்று சொன்னீர்கள். இருந்தது. யாருக்கு எதிராக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டீர்கள். 1179-இல் உரோமையில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கமான மூன்றாம் லாத்தரன் சங்கத்தின் இருபத்தைந்தாம் விதியைப் பாருங்கள். ஊரறிய வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு நற்கருணை கிடையாது. அந்தப் பாவத்திலேயே செத்தால் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. அவர்கள் கொடுக்கும் காணிக்கையை எந்தக் குருவும் வாங்கக்கூடாது. கடன்பட்டவனை அல்ல, கடனில் பிழிந்தவனைத்தான் அந்த விதி கல்லறைக்கு வெளியே நிறுத்தியது. அதே சங்கத்தின் ஏழாம் விதி, இறந்தவரை அடக்கம் செய்வதற்கும் மணமக்களை ஆசீர்வதிப்பதற்கும் பணம் கேட்டு வாங்குவதைத் தடை செய்கிறது. மத்திய கால ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறோம் என்றால், நம் கொடிமரத்துப் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும் உபகாரிகளின் பெயர்களை இந்த இருபத்தைந்தாம் விதியோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டி வரும். நான் அந்தப் பெயர்களையும் வாசிக்கச் சொல்லவில்லை. யாருடைய பெயரையும் வாசிக்க வேண்டாம் என்கிறேன். பணத்துக்காக ஒருவருக்கு மரியாதை கொடுப்பதை ஆள்பார்த்தல் என்ற பாவமாக அக்வினாஸ் தனியே ஒரு கேள்வியில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 1181-ஆம் விதி அந்தச் சொல்லையே எடுத்து, அடக்கத்தில் ஆள்பார்த்தல் கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் இல்லாமல் போகக்கூடாது என்கிறது. 220-ஆம் விதி யாருடைய நற்பெயரையும் முறைகேடாகக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. இரண்டும் உங்கள் அறை அலமாரியில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கின்றன.

மத்திய காலத் திருச்சபை தன் சொந்த அறிஞர்கள் சொன்னபடி நடந்ததா என்றால், பல நேரம் நடக்கவில்லை. கடன் பாக்கிக்குச் சபைநீக்கம் செய்த திருச்சபை நீதிமன்றங்கள் இருந்தன. அரசன் ஜானுக்கும் போப்புக்கும் வந்த சண்டையில் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்து முழுவதும் வழிபாட்டுக்குத் தடை இருந்தது. அந்தச் சண்டையில் பங்கே இல்லாத சனங்கள் தங்கள் பிணங்களைச் செபமில்லாமல் புதைத்தார்கள். அதைத்தான் மரபு என்று நீங்கள் சொல்கிறீர்களா, அல்லது அதைப் பாவம் என்று சொன்னவர்களின் எழுத்தையா? இரண்டும் நம் வீட்டுச் சொத்துத்தான். எதை எடுத்துக்கொள்வது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

இப்போது என் வீட்டுக் கதை. இதை நான் எழுத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை.

1971. எனக்குப் பதினொரு வயது. என் அத்தை, அப்பாவின் தங்கச்சி, களத்துமேட்டில் கூலி வேலைக்குப் போனவள். அந்தக் களத்துக்காரரால் அவளுக்கு நேர்ந்தது. நாலு மாதம் ஆகி வெளியே தெரிந்ததும் அப்போதிருந்த கோயில் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: மூன்று ஞாயிறு, பூசை முடியும்வரை, கோயில் வாசல்படியில் முழந்தாள், தலையில் முள்முடி. காரை முள்ளை வளைத்துக் கட்டியவர் என் தாத்தா. தன் மகள் தலைக்குத் தானே அளவெடுத்துக் கட்டினார். மற்றவர் கட்டினால் இறுக்கிவிடுவார்களே என்று பயந்து கட்டினார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. களத்துக்காரர் மூன்று ஞாயிறும் உள்ளே, முன்வரிசையில் இருந்தார். நன்மை வாங்கினார்.

அத்தை முழந்தாளிட்ட படியிலிருந்து நேரே பார்த்தால் இடதுபக்க மாடத்தில் புனித லூசியா சுரூபம். கையில் தட்டு, தட்டில் இரண்டு கண்கள். அந்த மூன்று ஞாயிறும் தலையை நிமிர்த்தினால் முள் குத்தும் என்று குனிந்தே இருந்த அத்தை, கண்ணை மட்டும் உயர்த்தி அந்தச் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

லூசியாவின் கதையை வருஷா வருஷம் டிசம்பர் 13-இல் சொல்கிறோம், கண்நோய்க்கு எண்ணெய் வைக்கிறோம். அந்தக் கதையின் நடுவில் இருப்பதை மட்டும் சொல்வதில்லை. தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த அவளை விபசார விடுதிக்கு இழுத்துப் போகச் சொல்லி நீதிபதி மிரட்டுகிறான். உள்ளம் இசையாமல் உடல் கறைபடாது என்று லூசியா பதில் சொல்கிறாள். என் விருப்பமின்றி என்னைக் கெடுத்தால் என் கற்புக்கு இரட்டை முடி கிடைக்கும் என்கிறாள். பக்திக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. கிராசியானின் சட்டத் தொகுப்பில் அந்தச் சொல் இருக்கிறது. அக்வினாஸ் அதை லூசியாவின் பெயரோடு எடுத்துக்காட்டுகிறார். அதற்கும் முன்னால் அகுஸ்தீனார், 410-இல் உரோமை சூறையாடப்பட்டபோது கெடுக்கப்பட்ட பெண்களுக்காக, தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் முதல் பாகத்திலேயே வழக்காடுகிறார். அரசன் மகன் கெடுத்ததும் மானம் போனது என்று தன்னைத் தானே குத்திக்கொண்ட பழைய உரோமைப் பெண் லுக்ரேசியாவைப் போற்றிய உரோமையர்களைப் பார்த்து, அவளிடம் குற்றம் இல்லையென்றால் அவள் ஏன் கொல்லப்பட்டாள் என்ற விதமாகக் கேட்கிறார். பிறன் செய்த பாவம் அவளுடைய மானத்தைத் தொடாது என்பதுதான் அவர் கட்சி.

என் அத்தைக்கு முள்முடி வைத்தவர்கள் கிறிஸ்தவ ஒழுங்கைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். அவர்கள் உண்மையில் காப்பாற்றியது அகுஸ்தீனார் எதிர்த்த அந்தப் பழைய உரோமை மானத்தைத்தான். நம் ஊரில் சாதி மானம், குடும்ப மானம் என்று அதற்கு வேறு பெயர்கள். கோயிலுக்குள் வந்ததால் அது கிறிஸ்தவம் ஆகிவிடாது.

பிள்ளை பிறக்கும்போதே இறந்தது. அத்தை 1998-இல் இறந்தாள், கல்யாணம் இல்லாமல். கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டிய மூலையில் புதைத்தார்கள். மணி அடித்தார்கள், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இன்றுவரை கோயில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் செயலர் தாளை விரித்தபோது எனக்கு வாசல்படிதான் கண்ணில் வந்தது.

உங்கள் இரண்டாவது பதிலுக்கு வருகிறேன்: கடவுளுடைய மாட்சிக்கு இழுக்கு. இந்தச் சிந்தனையை யாரையும்விட ஆழமாக யோசித்தவர் கேன்டர்பரி பேராயர் புனித ஆன்செல்ம். மன்னனோடு முரண்பட்டு நாட்டைவிட்டுப் போயிருந்த காலத்தில், 1098-இல், இத்தாலியில் அவர் எழுதி முடித்த நூலின் பெயரே ‘கடவுள் ஏன் மனிதரானார்’. போசோ என்ற தம் மாணவரோடு உரையாடுவதாக எழுதியிருக்கிறார். பாவம் என்பது கடவுளுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் இருப்பது, கடவுளுக்குரிய மதிப்பைப் பறிப்பது, அவரை அவமதிப்பது என்கிறார். நீங்கள் சொல்வதும் அதுதான். ஆனால் நூல் அங்கே நிற்கவில்லை. கடவுளுடைய மதிப்பை உள்ளபடியே யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அடுத்துச் சொல்கிறார். மனிதரால் அடைக்க முடியாத அந்தக் கடனைக் கடவுளே மனிதராகி அடைத்தார் என்றுதான் முழு நூலும் போகிறது. கடவுளுடைய மானத்தைக் காப்பதற்காக ஒரு பேரவை ஏழை வீட்டுச் சாவில் மணிக் கயிற்றைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்ற இடம் அந்த நூலில் எங்கேயும் இல்லை.

அதே நூலில் இன்னொரு வரி இருக்கிறது. அதை உங்கள் முன் வைப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒருவருடைய உடல்நலத்தைக் கெடுத்தவன் அந்த நலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது, பட்ட வேதனைக்கும் ஈடு கொடுக்கவேண்டும் என்கிறார் ஆன்செல்ம். அதுபோலவே ஒருவருடைய மதிப்பைக் குலைத்தவன், மதிப்பைத் திருப்பிக் கொடுப்பதோடு, அவமானப்பட்டவருக்கு மனநிறைவு தரும் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் வாசிக்கப்பட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவரைப் பற்றியும் அக்வினாஸ் எழுதியிருக்கிறார். இரசித்துக் கேட்டவர் பேசியவருக்குச் சமமான பாவி. அச்சத்தாலோ கூச்சத்தாலோ வாயைத் திறக்காதவருக்குப் பாவம் உண்டு, ஆனால் குறைவு. திருத்தவேண்டிய பொறுப்பில் இருந்தும் பேசாதிருந்தால் கூடுதல். நான் இரண்டாவது வகை. அதற்காக அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மூன்றாவது வகையில் இருப்பவர்கள் நீங்கள்.

நான் கேட்பது இவைதான்.

அந்தத் தீர்மானத்தைப் பேரவைக் குறிப்பேட்டில் எழுத்து மூலமாக ரத்து செய்யுங்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் குடும்பங்களின் பெயரைப் பீடத்திலிருந்தோ அறிவிப்புப் பலகையிலோ பங்கின் வாட்ஸ்அப் குழுவிலோ வெளியிடமாட்டோம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வரி பாக்கி என்றால் அந்தத் தெருக் குடும்பங்களின் செபக்குழுவான அன்பியத்தின் பொறுப்பாளரோ நீங்களோ வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுங்கள். கொடுக்க முடியாதவர்களுக்குத் தள்ளுபடி என்பதையும், அது யார் என்று வெளியே தெரியாது என்பதையும் முடிவு செய்யுங்கள். அடக்கத்தையும் மணியையும் வரியோடு இனி ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள்.

பெயர்களை எடுத்தது காலைப் பூசையில், வாசக மேடையில், ஒலிபெருக்கியில். திருப்பிக் கொடுப்பதும் அங்கேயே, அதே பூசையில், அதே சத்தத்தில் நடக்கவேண்டும். “இவர்களைப் பற்றி நாங்கள் முறைதவறிப் பேசினோம், அநியாயமாக இவர்கள் பெயரைக் கெடுத்தோம்” என்ற அளவுக்காவது சொல்லுங்கள். பெயர்களை மறுபடி வாசிக்கலாமா கூடாதா என்பதைப் பதினொரு வீட்டாரிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் சொல்லுங்கள். அதற்கு முந்தின வாரமே பதினொரு வீட்டுக்கும் பங்குத்தந்தையும் பேரவைச் செயலரும் நேரில் போகவேண்டும். ஆன்செல்ம் சொன்ன ‘சேர்த்துக் கொடுக்கவேண்டியது’ எது என்பதை அந்தந்த வீட்டார் சொல்வார்கள்.

இறந்துபோனவருடைய முப்பதாம் நாள் பூசை கோயிலுக்குள் நடக்கவேண்டும், காணிக்கை வாங்காமல். அன்று காலை துக்கமணி அடிக்கவேண்டும். தாமதமானாலும் அடியுங்கள், அவருடைய மகன் காதால் கேட்கவேண்டும்.

என் அத்தைக்கு நான் எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதியபின் மனம் மாறிவிட்டது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும்போது பின்சுவர் மூலையில் புதர் மண்டியிருப்பதால் யாரும் அங்கே வருவதில்லை. இந்த வருஷம் நான் ஆள் வைத்து வெட்டிச் சுத்தம் செய்துவிடுகிறேன். சாமி, நீங்கள் தீர்த்தச் செம்போடு அதுவரை நடந்து வரவேண்டும்.

உங்கள் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். மீன் விற்கும் பாட்டியின் வீடு பெரிய தெருவில் கடைசியில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். முதலில் அங்கே போங்கள்.

உங்கள் பங்கைச் சேர்ந்த,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை